எங்கே என்னும் வினாவும் அதற்கு விடைதரும் தரவுகளும்

ஒரு பொருள் எங்கே உள்ளது என்பதைத் தெரிவிக்கும் செய்திகளைப் புவியிடத் தரவுகள் என்கிறோம். அவை யாவும் ஒரே வகையின அல்ல. எவ்வகைத் தரவு எதனைச் சொல்லவல்லது, எதனைச் சொல்லமாட்டாது என அறியாதவர்க்குத் தேசப்படம் நல்ல வழிகாட்டியாகாது.

முதலாவது வகை, பொருள்களைப் புள்ளி, கோடு, பரப்பு என்னும் மூன்று வடிவங்களாற் குறிப்பது. கிணறு புள்ளி, வீதி கோடு, குளம் பரப்பு. இதனை வெக்ரர் தரவு என்பர். 1854 ஆம் ஆண்டில் இலண்டனின் சோகோப் பகுதியில் வாந்திபேதி பரவி, சில நாட்களுள் 500 பேருக்கு மேல் மாண்டனர். ஜோன் ஸ்நோ என்னும் மருத்துவர், இறப்பு நிகழ்ந்த வீடுகளையும் தண்ணீர்ப் பம்பிகளையும் பின்னர் ஒரு வீதிப்படத்திற் குறித்து வெளியிட்டார். இறப்புகள் புரோட் வீதிப் பம்பியைச் சூழ்ந்து குவிந்திருந்தன.

ஆயினும், அப்பம்பிக்கு அண்மையிலிருந்த ஏழையர் விடுதியில் 535 பேருள் ஐவரே இறந்தனர். அண்மை மட்டுமே காரணமாயின் இஃது எங்ஙனம் நிகழ்ந்தது? அவ்விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. இவ்வாறு இடத்தோடு சேர்த்துப் பதியப்படும் செய்தியே பண்புத் தரவு. அஃது இல்லாவிடிற் புள்ளி வெறும் மைத்துளியே.

இரண்டாவது வகை, நிலத்தைச் சம சதுரக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் எண்ணை வழங்குவது. இது ராஸ்ரர் தரவு. நிலத்தின் உயரம், வெப்பம், மழை போன்று தொடர்ச்சியாக மாறுபவற்றுக்கு இதுவே ஏற்றது. 1972 இல் தொடங்கிய லான்ட்சாற் செய்மதி வரிசையின் இன்றைய படங்களிற் பெரும்பாலானவற்றின் கட்டம் 30 மீற்றர் பக்கமுடையது. அதாவது 900 சதுர மீற்றர் நிலத்திற்கு ஓரெண். வயல்வெளியின் பசுமையை அது நன்கு காட்டும். அவ்வெளியில் நிற்கும் ஒரு குடிசையைத் தனியே காட்டமாட்டாது.

வெள்ள அபாயத்தைக் கணிக்க இவையனைத்தும் வேண்டும். உயரக் கட்டங்கள் தாழ்நிலத்தைக் காட்டும். வீட்டுப் புள்ளிகள் அங்குள்ள குடியிருப்புகளைக் காட்டும். நடக்கவியலாத முதியோர் எவ்வீட்டில் உளர் என்பதைப் பண்புத் தரவு கூறும். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும்போதே படகு எவ்வாயிலுக்கு முதலிற் செல்லவேண்டும் என்பது தெளிவாகும்.

ஆகவே நேயர்களே, எந்தத் தேசப்படத்தைக் கண்டாலும், இத்தரவு எவ்வகையினது, எப்போது திரட்டப்பட்டது, எவ்வளவு நுண்மையானது என மூன்று வினாக்களை எழுப்புங்கள். விடை கிடைத்த பின்னரே அதனை நம்பி நடவுங்கள்.