பாப்பாவுடன் பட்டணம் சுற்றுவோம்

“கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே போவது? அது நடக்கட்டும், பேசட்டும், அப்புறம் பார்க்கலாம்.” இப்படிச் சொல்லாத வீடு நம்மிடையே குறைவு. பிள்ளை பிறந்து முப்பது கழிந்ததும் கோயிலுக்கு ஒரு தடவை, தடுப்பூசி போட மருந்தகத்துக்குச் சில தடவை, அத்தோடு சரி. அதிலும் பெண் குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம். வெயில் பட்டால் கறுத்துப் போவாள், நாலு பேர் பார்த்தால் கண் படும் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

சிங்கப்பூரின் கிழக்குக் கரையில் பிடோக் வட்டாரத்தில் குடியிருக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன். என் மகளுக்கு ஒன்பதாவது மாதம் நடக்கும்போது, ஜொகூரில் குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய என் தாயார் பேத்தியைப் பார்க்க வந்தார். நான்கு வாரம் எங்களோடு தங்கினார். வார விடுமுறை தோறும் மூன்று தலைமுறையும் சேர்ந்து வெளியே போனோம். அதில் நான் கற்றுக்கொண்டதை நம் தாய்மார்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

காலை நேரமே நல்ல நேரம்

முதலில் நேரத்தைப் பார்ப்போம். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒரு பாகைக்குச் சற்று அதிகமான தூரத்தில்தான் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஒரே வெக்கை. காலை ஏழு மணிவாக்கில் பொழுது விடியும். பத்து மணிக்குமேல் வெயில் தலையைப் பிளக்கும். பிற்பகலில் பல நாள்களில் இடியோடு மழை பிடித்துக்கொள்ளும். ஆகவே கைக்குழந்தையோடு கிளம்புகிறவர்களுக்கு ஏழு முதல் பத்து வரையிலான நேரந்தான் பொன்னான நேரம். பாப்பாவும் அப்போதுதான் தூங்கி எழுந்து, பால் குடித்து, முகம் மலர்ந்திருக்கும்.

இதை நான் சொன்னபோது அம்மா சிரித்தார். “மரத்துக்கும் அதே நேரந்தாம்மா” என்றார். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். குளிர்ச்சியான விடிகாலையில்தான் ரப்பர் மரம் நன்றாகப் பால் சுரக்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் இருட்டோடு எழுந்து, பெரட்டுக்கு நின்று, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, உளியும் வாளியுமாக ஓடவேண்டியிருந்தது. பிள்ளை கண் விழிக்கும் நேரத்தில் தாய் மரத்தடியில் நிற்பாள். நானும் அந்தக் கொட்டகையில் வளர்ந்தவள்தான்.

வீட்டு வாசலில் கடற்கரை

பிடோக்கில் இருப்பவர்களுக்குக் காசு செலவில்லாத முதல் இடம் கிழக்குக் கடற்கரைப் பூங்கா. கரையோரமாக ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளத்துக்கு மரநிழலும் புல்தரையும் மணலுமாகக் கிடக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், இந்தக் கரை இயற்கையானதல்ல. 1966ஆம் ஆண்டில் அரசாங்கம் இங்கே கடலைத் தூர்க்கத் தொடங்கியது. பிடோக் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணை ஓடும் பட்டைகளில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். குன்றுகள் இருந்த இடத்தில் 1970களில் அடுக்குமாடி வீடுகள் எழும்பின. அலை அடித்த இடத்தில் பூங்கா வந்தது.

பாப்பாவை அங்கே தள்ளுவண்டியில் கொண்டுபோனோம். தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களை நாங்கள் காட்டினோம். அவளுக்கோ அதில் நாட்டமில்லை. காலடியில் ஊர்ந்த எறும்பும், காற்றில் ஆடிய தென்னங்கீற்றும்தான் பிடித்திருந்தன. ஒன்பது மாதக் குழந்தைக்குப் பெரிய காட்சி எதுவும் வேண்டாம் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியது. புல்லில் ஒரு விரிப்பை விரித்து உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் அவள் நாலு தடவை தவழ்ந்து மணலுக்கு ஓடினாள். அம்மா நாலு தடவை இழுத்து வந்தார்.

கடற்காற்று ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்குப் பிடோக் நீர்த்தேக்கம் இருக்கிறது. முன்பு மணல் தோண்டிய பள்ளம் அது. 1986இல் நீர்த்தேக்கமாயிற்று. சுற்றிலும் நாலு கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை உண்டு. வண்டி தள்ளுவதற்கு மேடு பள்ளமில்லாத பாதை.

தேக்காவுக்கு ஒரு நடை

நம்மவர்கள் சிங்கப்பூருக்கு வந்தால் தேக்காவைப் பார்க்காமல் திரும்புவார்களா? ஆனால் கைக்குழந்தையோடு போகிறவர்கள் ஞாயிறு மாலையைத் தவிர்ப்பது நல்லது. வாரம் முழுவதும் உழைத்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கூடும் நேரம் அது. அவர்களுக்குக் கிடைப்பதும் அந்த ஒரு பொழுதுதான். தள்ளுவண்டி நகர இடமிருக்காது. காலையில் போனால் தெரு காலியாக இருக்கும்.

நாங்கள் முதலில் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போனோம். பேத்தியை அம்மன் முன்னால் தூக்கிக் காட்டி, நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார் அம்மா. மேளச் சத்தத்தில் சில குழந்தைகள் மிரளும். பூசை நேரத்தில் சற்றுத் தள்ளி நிற்பது நல்லது. பிறகு பஃபலோ சாலைப் பூக்கடைகளில் மல்லிகைச் சரம் வாங்கினோம். பாப்பாவின் கால்களுக்கு வெள்ளிக் கொலுசு ஒரு சோடி எடுத்தோம். சலங்கை முத்துக்கள் உறுதியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றனவா என்று இழுத்துப் பார்த்து வாங்குங்கள். தவழும் குழந்தை எதையும் வாயில் வைக்கும்.

இந்த இடத்துக்கு ஏன் மாட்டுப் பெயர் என்று அம்மா கேட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே மாட்டு வியாபாரம் பெரிதாக நடந்தது. அந்தத் தொழிலில் நம்மவர்கள் நிறையப் பேர். ‘கண்டாங் கெர்பாவ்’ என்றால் மலாய் மொழியில் எருமைத் தொழுவம். அந்தப் பெயரையே பக்கத்திலிருந்த பிரசவ மருத்துவமனையும் தாங்கிற்று. 1966ஆம் ஆண்டில் அந்த ஒரே மருத்துவமனையில் ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்தன. உலகத்திலேயே அதிகம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கணக்கு அது. இப்போது அம்மருத்துவமனை புக்கித் தீமா சாலையில் புதிய கட்டடத்தில் இயங்குகிறது.

வெயில் ஏறிவிட்டால் கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்துக்குள் நுழையலாம். குளுகுளு வசதி உண்டு. நம் முன்னோர் கப்பலேறி வந்த கதையைப் பெரியவர்கள் பார்க்கலாம். பாப்பா தூங்கிக்கொண்டிருக்கும்.

பூமலையில் ஒரு பால்மரம்

எல்லாவற்றிலும் என் மனத்தில் நின்றது மூன்றாவது வாரம் போன இடந்தான். பிடோக் நார்த் நிலையத்தில் ரயிலேறினால், நடுவில் மாறவேண்டிய அவசியமில்லாமல், சிங்கப்பூரின் தாவரவியல் தோட்டமான பூமலையின் வாசலிலேயே இறங்கலாம். இந்த டௌன்டவுன் ரயில் பாதை 2017ஆம் ஆண்டு அக்டோபரில்தான் பிடோக் பக்கம் நீட்டிக்கப்பட்டது. லிட்டில் இந்தியா நிலையமும் இதே பாதையில்தான்.

பூமலை 1859இல் தொடங்கிய தோட்டம். 2015இல் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. காலை ஐந்து மணிக்கே திறந்துவிடுகிறார்கள். ஆர்க்கிட் மலர்த் தோட்டம் ஒன்றுக்குத்தான் கட்டணம், மற்றதெல்லாம் இலவசம். ஏரியில் அன்னங்கள் நீந்தும். புல்தரையில் காட்டுக்கோழி குஞ்சுகளோடு மேயும். பாப்பா அதைப் பார்த்து இரண்டு கையையும் தட்டிக் கூச்சலிட்டாள்.

இந்தத் தோட்டத்துக்கும் நம் குடும்பங்களுக்கும் ஓர் உறவு உண்டு. 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். கியூ தோட்டத்தில் அவற்றை முளைக்கப்போட்டார்கள். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. சில இங்கே பூமலையில் நடப்பட்டன, சில பேராக் கோலகங்சாருக்குப் போயின. 1888இல் பூமலைக்குத் தலைவராக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுப்பது எப்படி என்று இங்கேதான் ஆராய்ந்தார். பிரேசிலில் கோடரியால் கொத்திப் பால் எடுப்பார்கள், மரம் பாழாகிவிடும். பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி, மறுமுறை அதே வெட்டின் ஓரத்தைச் சீவும் முறையை ரிட்லி வகுத்தார். தோட்டக்காரர்களின் சட்டைப் பையில் விதைகளைத் திணித்து நடச் சொல்வாராம். அவரைப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று கேலி செய்தார்கள். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீனர் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று ரப்பர் பயிரிட்டார். அதன்பிறகு நடந்தது நமக்குத் தெரியும். காடுகள் தோட்டங்களாயின. ஆள் பிடிக்கக் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள்.

பூமலையில் ஒரு ரப்பர் மரத்தின் அருகே வந்ததும் அம்மா நின்றுவிட்டார். பெயர்ப் பலகையைப் படிக்கவில்லை. பட்டையைக் கையால் தடவிப் பார்த்தே தெரிந்துகொண்டார். அவர் வேலை செய்த தோட்டத்தில் இப்போது ஒரு ரப்பர் மரமும் இல்லை, எல்லாம் செம்பனை.

“வெள்ளைக்காரன் இங்கதான் வெட்டிப் பழகினானா?” என்று கேட்டார்.

“ஆமாம்மா.”

“பட்டையை மட்டும் சீவணும், மரத்துல காயம் படக்கூடாதுன்னு கங்காணி திட்டுவாரு. அது இங்கேருந்துதான் வந்துச்சா?” சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “உனக்கு ஒன்பது மாசத்துல பல்லு வந்துச்சாம். ஆயாதான் முதல்ல பாத்துச் சொன்னாங்க. நான் பாக்கல” என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் என் நிலையும் பெரிதாக மாறிவிடவில்லை. சிங்கப்பூரில் 2 மாதம் முதல் 18 மாதம் வரையான குழந்தைகளுக்குப் பராமரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. பேறுகால விடுப்பு முடிந்த நாளிலிருந்து என் மகளும் காலை ஏழரை மணிக்கு அங்கே போய்விடுகிறாள். சுத்தமான இடம், படித்த ஆசிரியைகள், குறையொன்றுமில்லை. ஆனாலும் அவள் முதன்முதலாகத் தவழ்ந்ததை நிலையத்து ஆசிரியை கைப்பேசியில் படமெடுத்து அனுப்பித்தான் நான் பார்த்தேன். இதை அம்மாவிடம் அன்றுதான் சொன்னேன்.

“அப்படின்னா ஞாயித்துக்கிழமை காலையை யாருக்கும் கொடுத்துடாதே” என்றார் அம்மா. பாப்பாவின் கையைப் பிடித்து மரத்தின்மேல் வைத்தார். அவள் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

பையில் என்ன வேண்டும்?

உலா இனிதாக முடிய வேண்டுமானால் சில முன்னேற்பாடுகள் தேவை. மாற்றுத் துணி இரண்டு, அணையாடை நாலைந்து, மெல்லிய பருத்தித் துண்டு, தொப்பி, கொசுவலை ஆகியவை போதும். டெங்கிக் கொசு பகலிலேயே கடிக்கும், ஆகவே வலை முக்கியம். வெயிலுக்காகத் தள்ளுவண்டியைக் கனத்த துணியால் மூடாதீர்கள், உள்ளே வெக்கை அடைந்துவிடும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும், தனியாகத் தண்ணீர் வேண்டியதில்லை. பெரிய கடைத்தொகுதிகளில் பாலூட்டுவதற்குத் தனியறை உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.

உயரம் 0.9 மீட்டருக்குக் குறைந்த குழந்தைக்குப் பேருந்திலும் ரயிலிலும் கட்டணம் கிடையாது. 2017 முதல் தள்ளுவண்டியை மடக்காமலேயே பேருந்தில் ஏற்றலாம். சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் மட்டும் அவருக்கு இடம் விடவேண்டும்.

ஜொகூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் கைக்குழந்தைக்கும் தனிக் கடப்பிதழ் எடுத்திருக்க வேண்டும். வார இறுதியில் பாலத்தில் நெரிசல் மணிக்கணக்கில் நீளும். இருட்டோடு கிளம்புங்கள். இருட்டோடு எழுவது நமக்குப் புதிதல்லவே!

பாப்பாவுக்கு நினைவிருக்குமா?

“இதெல்லாம் அவளுக்கு நினைவிருக்கவா போகிறது?” என்று என் கணவர் கேட்டார். இருக்காதுதான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வீடு திரும்பும் ரயிலில், மடியிலிருந்த பேத்தியின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிய அம்மா, “ஏய், இங்க பாரு, பல்லு!” என்று கூவினார். கீழ் ஈறில் அரிசி முனையளவு வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. எதிரே உட்கார்ந்திருந்த மலாய்ப் பாட்டியும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். இந்தத் தடவை நாங்களே முதலில் பார்த்தோம்.

தாய்மார்களே, தோட்டத்தில் இருந்தாலும் பட்டணத்தில் இருந்தாலும் வாரத்தில் ஒரு காலைப் பொழுதைப் பிள்ளைக்கென்று ஒதுக்குங்கள். தூரம் போக வேண்டும் என்பதில்லை. பக்கத்து ஆற்றங்கரையோ, கோயில் மரத்தடியோ போதும். உடன் வர ஒரு பாட்டி கிடைத்தால் இன்னும் விசேஷம்.