துருவேறிய சக்கரம்

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் வைத்தியராக விளங்கிய ஜுசெப்பே பிட்ரே என்னும் அறிஞர், குடியானவர்களின் உழவுக் கருவிகள், வண்டிகள் முதலியன காலத்தோடு மறைந்துபோகாதபடி காக்கும் பொருட்டு, 1909ஆம் ஆண்டில் அங்கு ஓர் அருங்காட்சியகத்தை ஸ்தாபித்தார். சிசிலி வண்டியின் பக்கப்பலகைகளில் பழைய வீரகாவியங்களில் வரும் ஓர்லாந்தோ முதலிய வீரர்களின் யுத்தக் காட்சிகள் சிவப்பும் மஞ்சளுமாகத் தீட்டப்பட்டிருக்கும். மோட்டார் வாகனங்கள் பெருகவே, அவ்வண்டிகள் சாலையை விட்டு அகன்றன. வர்ணம் உதிர்ந்து, சக்கரப் பட்டையில் துருவேறிக் கிடக்கும் அத்தகைய வண்டியொன்றைப் புகைப்படக் கருவியின் வழியே உற்று நோக்குவோர், சித்திரத்தைக் காட்டிலும், கைபட்டுக் கைபட்டு வழவழத்துப்போன ஏர்க்காலில்தான் நெடுநேரம் லயித்து நிற்பார்கள். நம் கிராமத்துக் கொட்டிலின் பின்புறம் கவிழ்ந்து கிடக்கும் நீரிறைத்த கமலைச் சாலின் விளிம்பிலும் அதே தேய்மானம் உண்டு.