லோடு ஏற்றினால் திணறும் பழைய லாரி: ‘பிக்கப்’ எங்கே போகிறது, கம்மி செலவில் எப்படி மீட்பது?

மூலக்கொத்தளம் பக்கம் பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. முன்னால் ஒரு பழைய டிரெய்லர், அதன் முதுகில் கன்டெய்னர். முன்னே நிற்கிற வண்டிகள் நகர்ந்ததும் இன்ஜின் அலறுகிறது, கரும்புகை கிளம்புகிறது, லாரி மட்டும் அசையவில்லை. சில நொடி ஹாஃப் கிளட்ச்சில் தொங்கி, ஓர் அடி பின்னால் உருண்டு, அப்புறம்தான் முன்னே போகிறது. அந்த ஓர் அடியில் பின்னால் நிற்கிற ஸ்கூட்டர்க்காரருக்கு உயிர் போய் உயிர் வரும்.

இதைத்தான் டிரைவர்கள் ‘பிக்கப் இல்ல’, ‘புல்லிங் இல்ல’ என்கிறார்கள். நெடுஞ்சாலையில் எவ்வளவு வேகம் போகிறது என்பதல்ல பிரச்சினை. நின்ற இடத்திலிருந்து, இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது, பாரத்தை இழுக்கிற தெம்பு இல்லை என்பதுதான். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், மணலி, திருவொற்றியூர் கிடங்குகள் என்று சின்னச் சின்ன தூரத்தில் நாள் முழுக்க நின்று நின்று கிளம்பும் வண்டிகளுக்கு இந்தத் தெம்புதான் எல்லாமே. ஒன்றிரண்டு பழைய வண்டியை வைத்துக் குடும்பம் நடத்துகிறவருக்குப் புது லாரி இஎம்ஐ கட்டுப்படியாகாது. அதனால் பட்டறையில் முதலில் கேட்பது இதைத்தான்: “பம்புல டீசலைக் கொஞ்சம் கூட்டி விடுங்க.”

ஒரே ஒரு ஸ்குரூ, பத்து நிமிட வேலை. பெரும்பாலான வண்டிகளுக்கு அதுதான் தப்பான வைத்தியமும்கூட. பழைய லாரியில் பிக்கப் குறைந்தால், பலமுறை கம்பெனி கொடுத்த சக்தியே வழியில் எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கும். ஒழுகும் குடத்தில் இன்னும் வேகமாகத் தண்ணீர் ஊற்றி என்ன பயன்?

இழுவை வேறு, வேகம் வேறு

இன்ஜினின் பலத்தை இரண்டு எண்களில் சொல்வார்கள். டார்க் என்பது கிராங்க் ஷாஃப்டை எவ்வளவு பலமாக முறுக்குகிறது என்ற அளவு. குதிரைத்திறன் என்பது அந்த முறுக்கோடு, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதையும் சேர்த்த கணக்கு. 1,500 சுற்றில் 600 நியூட்டன் மீட்டர் முறுக்கு கிடைத்தால் சுமார் 126 குதிரைத்திறன். அதே முறுக்கு 900 சுற்றில் கிடைத்தால் 76தான். நின்று கிளம்பும் லாரி வாழ்வது இந்த 900 சுற்று வட்டாரத்தில்.

எவ்வளவு இழுக்க வேண்டியிருக்கிறது? மொத்த எடை 35 டன் என்று வைத்துக்கொள்வோம். பாலம் 100 அடிக்கு 4 அடி ஏறுகிறது. அந்தச் சரிவு மட்டும் வண்டியைப் பின்னால் இழுக்கும் பலம் 35 டன்னில் 4 சதவீதம், அதாவது 1,400 கிலோ. டயர்கள் உருள்வதற்கு, நல்ல ரேடியல் டயரும் சரியான காற்றும் இருந்தால், டன்னுக்கு ஏறக்குறைய 7, 8 கிலோ. மொத்தம் 250 கிலோ சொச்சம். சமதளமான எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேயில் மெதுவாக உருள இந்த 250 கிலோவே போதும். பாலத்தில் 1,650. ‘ரோட்ல நல்லாத்தான் ஓடுது, பாலத்துலதான் செத்துடுது’ என்ற புலம்பலுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இவ்வளவுதான்.

‘அந்தக் காலத்து லேலண்டு’ உண்மையா?

“பழைய லேலண்டு இழுவை இப்ப எந்த வண்டிக்கு இருக்கு?” என்று பெரிய டிரைவர்கள் சொல்வதில் கொஞ்சம் ஏக்கம் இருக்கிறது, கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்டு ஆன நிறுவனத்தின் பழைய இன்ஜின்களில் ஒன்றுக்கு ‘400’ என்று பெயர். 400 கன அங்குலம் என்று அர்த்தம், சுமார் 6.5 லிட்டர். டர்போ கிடையாது. எந்தச் சுற்றிலும் தன் முழு வயிற்றுக்குக் காற்றை இழுத்துக்கொள்ளும்.

பிறகு 1980-களில் ஜப்பானின் ஹினோ தொழில்நுட்பத்தோடு ‘எச்’ வரிசை இன்ஜின்கள் வந்தன. ஆறு சிலிண்டர் இன்ஜின் சுமார் 5.7 லிட்டர்தான். டர்போ சேர்ந்த வண்டிகளில், டர்போ வேலை செய்யும்போது இது பழையதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் டர்போ புகைக்காற்றின் வேகத்தில் சுழல்வது. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது அதற்கு வேகம் வராது. அதுவரை அது வெறும் 5.7 லிட்டர் இன்ஜின்தான். 400-ஐவிடச் சின்ன வயிறு. டர்போவுக்கு வரும் வழியிலோ, அது தள்ளிய காற்று போகும் வழியிலோ ஏதாவது ஓட்டை, அடைப்பு இருந்தால் இந்தப் பலவீனமான நேரம் இன்னும் நீளும். பழைய டர்போ லாரியின் பிக்கப் கதையில் பாதி இதுதான்.

முதலில் ஒழுகலை அடைப்போம்

ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரியக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். அதனால் சோதனை காற்றிலிருந்து தொடங்க வேண்டும். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா? சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது 2011-ல் நீதிமன்ற உத்தரவால் நின்று எண்ணூருக்குப் போய்விட்டது. ஆனால் நிலக்கரி, சிமென்ட், கிடங்குத் தூசி எல்லாம் வடசென்னையை விட்டு எங்கே போகும்? சர்வீஸ் புத்தகம் சொல்லும் கிலோமீட்டருக்குக் காத்திருந்தால் இங்கே ஃபில்டர் தாங்காது. போர்ட் கேட் வரிசையில் நிற்கும் மணி நேரங்களை ஓடோமீட்டர் எண்ணுவதும் இல்லை.

அடுத்து, டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இன்ஜினுக்கும் இடையில் போகிற ரப்பர் ஹோஸ்கள். கிளிப் தளர்ந்திருந்தாலோ, ஹோஸ் அடிப்பக்கம் கீறியிருந்தாலோ டர்போ தள்ளிய காற்று வெளியே போய்விடும். டீசல் அதே அளவு போகும், காற்று குறையும். விளைவு, கரும்புகை. சைக்கிள் டியூப் பஞ்சர் பார்ப்பது மாதிரி சோப்புத் தண்ணீர் தடவி, குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றிப் பார்த்தால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். இந்த ஒரு ஹோஸை மாற்றியதிலேயே பிக்கப் திரும்பிய வண்டிகள் உண்டு.

பலர் மறப்பது எக்ஸாஸ்ட் பிரேக். புகைக்குழாயை மூடி வண்டியை மெதுவாக்கும் தகடு அது. கரியும் துருவும் பிடித்து, பாதி மூடிய நிலையிலேயே அது மாட்டிக்கொண்டால் இன்ஜின் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவது மாதிரிதான்.

காற்று சரி என்றால் டீசல். இங்கே முதல் சோதனைக்குக் காசே வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுசா மிதிக்க, இன்னொருவர் பம்பின் லீவர் கடைசி ஸ்டாப்பரைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். கம்பி, ராடு முனை தேய்ந்த வண்டிகளில் பாதம் தரையைத் தொட்டாலும் லீவர் முக்கால் வழியில் நின்றுவிடும். முக்கால் டீசலுக்கு முக்கால் இழுவை.

பிறகு டீசல் ஃபில்டர், அதில் தேங்கும் தண்ணீர், ஃபீட் பம்பு. அதையும் தாண்டினால், டர்போ வண்டிகளின் மைக்கோ பம்பில் ஒரு சின்ன டயாபிரம் இருக்கும். டர்போ காற்று ஏறும்போது அதற்கேற்ப டீசலைக் கூட்டுவது அதன் வேலை. அந்த ரப்பர் கிழிந்தாலோ, அதற்குப் போகும் மெல்லிய டியூப் விரிசல் விட்டாலோ பம்பு ‘இன்னும் காற்று வரல’ என்று நினைத்து டீசலைக் கூட்டவே கூட்டாது. வண்டி புகையும் விடாது, இழுக்கவும் இழுக்காது. பட்டறையில் இதைப் பார்க்காமல் ஸ்குரூவைத் திருப்புகிற இடத்தில்தான் பல இன்ஜின்களின் கெட்ட காலம் தொடங்குகிறது.

புகையின் நிறமே பாதி நோயைச் சொல்லிவிடும். கறுப்பு என்றால் டீசலுக்குத் தக்க காற்று இல்லை. சூடான இன்ஜினிலும் வெள்ளையாக வந்தால் டைமிங் அல்லது நாசில் சரியில்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. புகையே இல்லாமல் இழுவை மட்டும் இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை.

போர்ட் வரிசைக்கு இதில் தனிப் பங்கு உண்டு. மணிக்கணக்காக ஐடிலில் ஓடும் டீசல் இன்ஜின் சரியாகச் சூடேறாது. டீசல் முழுசா எரியாது. நாசில் முனையில் கரி படியும். கரி படிந்த நாசில் பனிபோல் தெளிக்காமல் சொட்டும். அந்தச் சொட்டு குறைந்த சுற்றில்தான் அதிகம் உறுத்தும். நாசில்களைக் கழற்றி டெஸ்டரில் வைத்துப் பார்த்து, பம்பு டைமிங்கையும் டேப்பெட் இடைவெளியையும் கம்பெனி அளவுக்குக் கொண்டுவருவது இன்ஜின் வேலைக்கு முன்னால் செய்ய வேண்டியது. இவ்வளவுக்குப் பிறகும் பிரீத்தர் வழியாகப் புகை குபுகுபுவென்று வந்தால் ரிங், லைனர் தேய்ந்திருக்கிறது. அங்கே சிக்கன வைத்தியம் முடிந்தது.

இன்ஜினைக் குறை சொல்வதற்கு முன் சக்கரங்களையும் பார்க்க வேண்டும். டிரெய்லர் பிரேக் முழுசா விடாமல் உரசிக்கொண்டிருந்தால் எந்த இன்ஜினும் திணறும். ஓட்டி வந்து நிறுத்தியதும் ஒவ்வொரு டிரம் பக்கத்திலும் கையைக் கொண்டுபோனால் (தொட வேண்டாம்) எது அனலாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். இழுப்பது லாரி என்பதால் பராமரிப்பு எல்லாம் லாரிக்கே போகிறது. டிரெய்லரை யாரும் கண்டுகொள்வதில்லை.

ஸ்குரூவைத் திருப்பினால் என்ன ஆகும்?

கொஞ்ச நாள் நன்றாக இருக்கும். அதை மறுக்க முடியாது. ஆனால் குறைந்த சுற்றில் பற்றாக்குறை காற்றுக்குத்தான். அங்கே டீசலைக் கூட்டினால் கூடுதல் டீசலில் பெரும்பகுதி கரும்புகையாகப் போகும். டர்போ காற்று வந்த பிறகு, ஏற்றத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது, கூடுதல் டீசல் புகைக்காற்றின் சூட்டை ஏற்றும். பிஸ்டன் தலை உருகுவதும் டர்போ விரிசல் விடுவதும் அங்கேதான். புகைச் சோதனையிலும் மாட்டும்: பிஎஸ்-4-க்கு முந்தைய டீசல் வண்டிகளுக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. இதெல்லாம் போக, லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிய டீசல்.

உண்மையிலேயே இழுவை கூட வேண்டுமா? கிரவுன் பினியன்

எல்லாம் சரியாக இருந்தும் போதவில்லை என்றால், இன்ஜினைத் தொடாமல் பின் ஆக்சிலில் பல் கணக்கை மாற்றுவது ஒரு வழி. பினியனில் 7 பல், கிரவுனில் 41 என்றால் விகிதம் 5.86. பினியன் 6 பல் ஆனால் 6.83. இன்ஜின் அதே முறுக்கைத் தந்தாலும் சக்கரத்தில் இழுவை கிட்டத்தட்ட 17 சதவீதம் கூடும். வேறெந்த மலிவு வேலையும் இவ்வளவு தராது. கழித்துக்கட்டிய வண்டியிலிருந்து நல்ல ஜோடி கிடைத்தால் செலவு இன்னும் குறையும். கிரவுனும் பினியனும் ஜோடியாகவே மாற வேண்டும். இரண்டு டிரைவ் ஆக்சில் உள்ள வண்டியில் இரண்டிலும் ஒரே விகிதம் இருக்க வேண்டும்.

இதற்கு விலை வேகம். டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு 5.86-ல் இன்ஜின் சுமார் 1,830 சுற்று சுற்றும், 6.83-ல் 2,130. போர்ட்டுக்கும் மணலிக்கும் இடையே 30, 40-ல் ஓடுகிற வண்டிக்கு இது பொருட்டே இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை பெங்களூரு போகிற வண்டி மைலேஜில் அடி வாங்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை எடுக்கிற வண்டிகளில் முள் அதிகமாகக் காட்டும். அதே சென்சாரை நம்பும் 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, உண்மையில் 68-லேயே வண்டியைப் பிடித்துவிடும். மறுபடி அளவு திருத்த வேண்டும்.

செலவு செய்ய மனமில்லாதவர்கள் டயர் தேயும்வரை பொறுத்து, 10.00-20-க்குப் பதில் 9.00-20 போட்டால் என்ன என்று கேட்பார்கள். சக்கரம் 3 சதவீதம் சின்னதாகும், இழுவை அதே அளவு கூடும், தாங்கும் எடை குறையும். கன்டெய்னர் ஏற்றும் வண்டிக்கு அது வேண்டாத வம்பு.

பெரிய இன்ஜினையே தூக்கி வைக்கும் யோசனை வருபவர்கள் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைப் பார்த்துவிட வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிசெய்திருக்கிறது. இன்ஜின் எண் ஆர்சியிலேயே இருப்பதால், ஒப்புதல் வாங்கிப் பதிவு செய்யாமல் மாற்றினால் எஃப்சியில் வண்டி நின்றுவிடும். 8 ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்சி ஆண்டுதோறும் வருகிறது; 15 ஆண்டு தாண்டிய கனரக வண்டிகளுக்கு அதன் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு ஏறிவிட்டது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் அந்த எண்ணைத்தான்.