பல்கலைக்கழகம் போன பிள்ளை பேசாமலிருந்தால்

பிரித்தானியாவில் பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் விடப் போகும் எம்மவர் அரிசியும் மிளகாய்த்தூளும் மறவாமல் காரில் ஏற்றுவார்கள். அங்குள்ள குடும்ப வைத்தியரிடம் பதிந்தாயா என்று கேட்பவர் குறைவு.

பிள்ளை விரிவுரைக்குப் போகாமல், இரவில் தூங்காமல், தொலைபேசியையும் எடுக்காமல் இருந்தால் சோம்பல் என்று ஏசாதீர்கள். மனச்சோர்வாக இருக்கலாம். நோயால் பரீட்சை எழுத முடியாதவர் அதைத் தள்ளிப்போடவும், படிப்பைச் சிலகாலம் இடைநிறுத்தவும் விண்ணப்பிக்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு. பெரும்பாலும் வைத்தியச் சான்றும் கேட்பார்கள். பெறுபேறு வந்தபின் நாங்கள் எழுதும் கடிதத்தைவிட, நோயுற்றிருந்த நேரத்தில் பதிந்த குறிப்புக்கே பெறுமதி அதிகம்.

பிள்ளைக்கு 18 வயதானபின், உயிராபத்துப் போன்ற நிலை தவிர, அவரது சம்மதமின்றி வைத்தியர்கள் நாங்கள் பெற்றோருக்கு எதுவும் சொல்வதில்லை. இதற்காக எங்களுடன் கோபிப்பவர்கள் உண்டு. ஆனால் வீட்டுக்குத் தெரியவராது என்பதால்தான் சில பிள்ளைகள் வாயே திறக்கிறார்கள். நீங்கள் கண்டதை வைத்தியரிடம் சொல்வதற்குத் தடையில்லை, கேட்டுக்கொள்வோம்.

"பரீட்சை எப்படி?" என்பதற்கு முன் "சாப்பிட்டாயா, நித்திரை கொண்டாயா?" என்று கேளுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் தெரிந்தால் அடுத்த நாள்வரை காத்திருக்க வேண்டாம். இங்கிலாந்தில் 111ஐ அழைத்து மனநல உதவியைத் தெரிவுசெய்யலாம். உடனடி ஆபத்தென்றால் 999.