காராமணியை வேரோடு பிடுங்காதீர்கள்

மேட்டூர் அணையில் ஜூன் 12இல் திறக்கும் தண்ணீர், வழக்கப்படி ஜனவரி 28இல் நிறுத்தப்படும். அதற்குப் பிறகு காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்து வயல்களில் சம்பா அறுத்த தாளோடு மிஞ்சுவது களிமண்ணில் தங்கிய ஈரம் மட்டுமே. மாசி வெயில் ஏற ஏற மண் பாளம் பாளமாக வெடித்து, அந்த ஈரமும் போய்விடும். இந்த இடைவெளியில் பெரும்பாலோர் தெளிப்பது உளுந்தும் பச்சைப்பயறும்தான். தட்டைப்பயறு என்றும் சொல்லப்படும் காராமணிக்கு அங்கே இன்னும் கூடுதல் இடம் தரலாம் என்பது என் எண்ணம்.

ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்தில் பிறந்த பயிர் இது. ஆணிவேர் ஆழமாக இறங்கும். மண் காயத் தொடங்கியதும் இலைத்துளைகளைச் சீக்கிரமே மூடிக்கொள்ளும். உச்சி வெயிலில் வாடும் செடியைப் பார்த்தால், இலைகள் விளிம்பைச் சூரியனுக்குக் காட்டி நிமிர்ந்து நிற்பது தெரியும். கதிர் முழுதாகப் படாததால் இலை சூடேறாது, நீரிழப்பும் குறையும். ஆனால் தேங்கிய தண்ணீரை இந்தச் செடி தாங்காது. அதனால் கார்த்திகை அடைமழையில் வயலுக்குள் இதற்கு வேலை இல்லை. விருத்தாசலம், பண்ருட்டிச் செம்மண்ணில் மல்லாட்டைக்கு ஊடுபயிராக இது நன்றாக வரும்.

பயறு போட்டால் மண் வளமாகும் என்று எல்லோரும் சொல்கிறோம். அது முழு உண்மை அல்ல. வேர்முடிச்சுக்குள் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது. பூக்கும் சமயத்தில் ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. ஆனால் காய் முதிர முதிர அந்தச் சத்தில் பெரும்பகுதி மணிக்குள் போய்விடும். காராமணியில் சுமார் 24 சதவீதம் புரதம். புரதத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தழைச்சத்து. அதாவது 100 கிலோ பயறு வீட்டுக்கு வந்தால், அதோடு 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவான தழைச்சத்தும் வயலை விட்டு வெளியேறுகிறது. மீதி இலையிலும் தண்டிலும் வேரிலும் இருக்கிறது. செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோனால் அதுவும் போயிற்று.

செடியைப் பிடுங்க வேண்டிய அவசியமும் இல்லை. குறுகிய கால ரகங்கள் 70 முதல் 80 நாளில் முதிரும் என்றாலும், எல்லாக் காயும் ஒரே நாளில் காய்வதில்லை. கீழே நெற்றாகி நிற்கும்போதே மேலே பூ இருக்கும். நெற்றை மட்டும் இரண்டு மூன்று தடவையாகப் பறிப்பதே முறை. காலை நேரத்தில் பறித்தால் நெற்று வெடித்து மணி சிந்துவது குறையும். கூலி கூடும் என்பது உண்மைதான். ஆனால் கடைசிப் பறிப்பு முடிந்ததும் பச்சை இருக்கும்போதே செடியை மடக்கி உழுதால், அடுத்த பயிருக்கு அது எரு. மாட்டுக்குத் தேவையென்றால் தரையோடு அறுத்துப் போட்டு, சாணத்தையாவது வயலுக்குத் திருப்புங்கள்.

பறித்ததைப் போட்டு வைக்கவும் கூடாது. பயறு வண்டு வயலிலேயே நெற்றின் மீது முட்டையிடுகிறது. புழு மணிக்குள் துளைத்துப் போய் அங்கேயே வளர்ந்து, வெயில் காலத்தில் ஒரு மாதத்துக்குள் வண்டாகி வட்ட ஓட்டை போட்டு வெளியே வரும். ஒரு பெண் வண்டு நூறு முட்டை வரை இடக்கூடும். நம் வீடுகளில் செம்மண் கட்டிக் காய வைத்ததும், எண்ணெய் தடவி வைத்ததும் இதற்குத்தான். மேற்கு ஆப்பிரிக்காவில் இன்று பரவலாக இருப்பது மூன்றடுக்குப் பை: உள்ளே இரண்டு கனமான பாலித்தீன் உறை, வெளியே சாக்கு. 1980களில் கேமரூனில் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடங்கிய வேலை அது. இறுகக் கட்டிய பைக்குள் வண்டுகளே ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். ஆக்சிஜன் இல்லாமல் புழு தின்ன முடியாது. உணவிலிருந்து உடல் உண்டாக்கிக்கொள்ளும் தண்ணீரும் கிடைக்காமல் வறண்டு சாகும். மருந்து எதுவும் வேண்டியதில்லை.

விதைக்கு எடுப்பவர்கள் முதல் பறிப்பு நெற்றைத் தனியே வையுங்கள். காராமணி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் ரகம் எளிதில் கலக்காது; நன்றாகக் காய வைத்துக் காற்றுப் புகாமல் மூடி வைத்தால், அடுத்த தைக்கு விதை வெளியே வாங்க வேண்டியிருக்காது.