படகுக் கழகத்தில் சேரப்போகிறீர்களா?

'யொட் கிளப்' என்றதும் உங்கள் மனக்கண்முன் என்ன தோன்றும், சகோதரிகளே? வெள்ளைக் காற்சட்டை அணிந்த சீமான்கள், பளபளக்கும் பெரிய படகுகள், கையில் மதுக்கிண்ணம். 'நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இங்கிலாந்தில் வாழும் நம்மவர் குடும்பங்கள் பல. உங்கள் மகளோ தங்கையோ அங்கிருக்கலாம். அங்கிருந்தே நீங்கள் இதை வாசிக்கவும் கூடும். "உம்மா, என் சிநேகிதி படகு ஓட்டப் பழகுகிறாள், நானும் போகட்டுமா?" என்று பிள்ளை கேட்கும் நாளில் என்ன பதில் சொல்வீர்கள்?

பாய்ப்படகு ஒரு காலத்தில் பணக்காரரின் பொழுதுபோக்காகவே இருந்தது. அந்த நிலையை மாற்றியவற்றுள் ஒன்று 'மிரர்' என்ற சிறு படகு. 1963இல் 'டெய்லி மிரர்' பத்திரிகையின் ஆதரவுடன் அது வந்தது. ஒட்டுப்பலகைத் துண்டுகளாக வாங்கி, வீட்டிலேயே இணைத்துக்கொள்ளலாம். அதன் சிவப்புப் பாய் அங்கு எல்லோருக்கும் தெரியும். சாதாரணத் தொழிலாளர் குடும்பங்களும் இப்படித் தண்ணீரில் இறங்கின. அவர்களைப் போன்றவர்கள் கூடி நடத்தும் சிறு கழகங்கள் நாடெங்கும் இருக்கின்றன.

கடலோரத்தில் வாழவேண்டும் என்ற அவசியமும் இல்லை. நீர்த்தேக்கங்களிலும், கல் அகழ்ந்த பள்ளங்களில் நீர் நிறைந்து உண்டான குளங்களிலும் பல கழகங்கள் இயங்குகின்றன. லண்டனில் வெம்ப்ளிக்கு அருகேயுள்ள வெல்ஷ் ஹார்ப் நீர்த்தேக்கம் 1830களில் கால்வாய்க்குத் தண்ணீர் வழங்கக் கட்டப்பட்டது. இன்று அதன் கரையிலும் பாய்ப்படகுக் கழகங்கள் உண்டு. 2005இல் தன்னந்தனியாக 71 நாட்களில் உலகைச் சுற்றிவந்து அக்காலச் சாதனையை நிலைநாட்டிய எலன் மக்ஆர்தர் என்ற பெண், கடலே இல்லாத டெர்பிஷயர் மாவட்டத்தில் வளர்ந்தவர். பாடசாலையில் மதிய உணவுக்குத் தந்த காசை மிச்சம்பிடித்தே அவர் தமது முதற் படகை வாங்கினார்.

சரி, இக்கழகங்களின் கட்டணம் ஏன் ஓரளவு குறைவாக இருக்கிறது? அங்கே சம்பளத்துக்கு ஆள் இல்லை, அல்லது மிகக் குறைவு. புல் வெட்டுவது, இறங்குதுறையைப் பழுதுபார்ப்பது, தேநீர் ஊற்றுவது, கணக்கு எழுதுவது எல்லாம் உறுப்பினர்களே. 'கொமடோர்' என்ற பெரிய பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். அவர் கடற்படைத் தளபதி அல்லர். பொதுக்கூட்டத்தில் தெரிவான தலைவர்தான். பருவம் தொடங்குமுன் எல்லோரும் கூடி வர்ணம் பூசித் துப்புரவு செய்வார்கள். நம் ஊர்ச் சிரமதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே, சேர்ந்த நாளிலிருந்து நீங்கள் வாடிக்கையாளர் அல்லர், வீட்டுக்காரர். இதை விளங்காமல் சேர்பவர்கள்தான், "காசும் கட்டி வேலையும் செய்யவேண்டுமா?" என்று மனம் கசந்து அடுத்த வருடமே விலகிவிடுகிறார்கள்.

முதலில் செலவைக் கேட்டறியுங்கள். வருடச் சந்தா ஒன்று. சில இடங்களில் சேரும்போது மட்டும் கட்டும் பணம் இன்னொன்று. சொந்தப் படகு வைத்திருந்தால், அதை நிறுத்தும் இடத்துக்கு வாடகையும் காப்புறுதியும் வேறு. ஆனால் படகு வாங்க அவசரப்படாதீர்கள். பிள்ளைகள் பழகும் 'ஒப்டிமிஸ்ற்' போன்ற படகுகளைப் பல கழகங்களே வைத்திருக்கின்றன. ஒரு பருவம் அவற்றில் பழகட்டும். ஆசை நிலைத்தால் பழைய படகொன்றைப் பார்க்கலாம்.

அடுத்தது கடமைப் பட்டியல். வருடத்தில் எத்தனை நாள், என்ன வேலை? இங்கேதான் பெண்கள் விழிப்பாக இருக்கவேண்டும். கணவரும் பிள்ளைகளும் தண்ணீரில் இருக்க, உம்மா மட்டும் வருடம் முழுக்கச் சமையலறையில் நிற்கும் நிலை எந்த நாட்டிலும் எளிதில் வந்துவிடும். அதை முதல் நாளே தடுங்கள். பந்தய நேரம் குறிக்கும் வேலையைக் கேளுங்கள். புறப்பாட்டுக்கு ஐந்து, நான்கு, ஒரு நிமிடம் இருக்கையில் கொடியும் ஒலியும் கொடுத்து, பின்னர் புறப்பாட்டு ஒலி எழுப்பவேண்டும். படகுகள் வந்துசேரும் ஒழுங்கை எழுதவேண்டும். ஓரிரு தடவை பக்கத்தில் நின்று பார்த்தால் பழகிவிடும். துணிவுள்ளவர்கள் பாதுகாப்புப் படகு ஓட்டப் பழகலாம். ரோயல் யொட்டிங் சங்கத்தின் இயந்திரப் படகுப் பயிற்சியின் இரண்டாம் நிலை இரண்டு நாட்களில் முடிந்துவிடும். கவிழ்ந்த பிள்ளையைத் தூக்கியெடுக்கத் தெரிந்த பெண்ணைச் சமையலறைக்குப் போ என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

எல்லாவற்றிலும் முக்கியமானது வாக்கு. குடும்பமாகச் சேரும்போது, குடும்பத்துக்கு ஒரு வாக்கா, வயதுவந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கா? கழகத்தின் யாப்பைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். ஒரு வாக்குத்தான் என்றால் அது யாருடைய பெயரில் என்று விசாரியுங்கள். சந்தா உயர்வதும், பிள்ளைகளின் பயிற்சிக்குப் பணம் ஒதுக்குவதும், பெண்களின் உடைமாற்றும் அறையைத் திருத்துவதும் பொதுக்கூட்டத்திலேயே தீர்மானமாகின்றன. அங்கே கை உயர்த்த உரிமையில்லாவிட்டால் உழைப்பு மட்டுமே உங்களுடையது. அந்நாட்டின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமும் உங்கள் பக்கம். 25 பேரோ அதற்கு மேலோ உறுப்பினராக உள்ள, இருபாலாரையும் சேர்க்கும் கழகம், பெண் என்பதற்காக ஓர் உறுப்பினரின் உரிமையைக் குறைக்க முடியாது. மதத்துக்காகவோ நிறத்துக்காகவோ அப்படிச் செய்வதும் சட்டவிரோதமே.

பொருளாளராகவோ செயலாளராகவோ வரச்சொல்லிக் கேட்டால் மகிழ்ச்சியுடன் ஏற்கலாம். ஆனால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: கழகம் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியா, வெறும் சங்கமா? வெறும் சங்கமாயின், அதன் பேரில் ஒப்பந்தம் செய்யும் நிர்வாகசபையினர் மீதே கடன் பொறுப்பு விழக்கூடும்.

பிள்ளையின் பாதுகாப்புக்கு வருவோம். சிறு படகு கவிழ்வது விபத்தல்ல, பாடத்தின் ஒரு பகுதி. ஆனால் அங்குள்ள தண்ணீர் வைகாசி மாதத்திலும் கடுங்குளிர். திடீரென விழுந்தவருக்கு முதல் நிமிடத்தில் மூச்சு வாங்கும். அப்போது கைகால் அடித்து நீந்தாமல், மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கவேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். மிதவை அங்கி வேறு, உயிர்காப்பு அங்கி வேறு. முன்னது மிதக்க உதவும். மயங்கியவரை முகம் மேலாகத் திருப்பாது. ஆகவே பாதுகாப்புப் படகு தண்ணீரில் இல்லாத நேரம் பிள்ளையை இறக்கவே கூடாது. பிள்ளைகளின் நலன் பேணும் பொறுப்பாளர் யார் என்பதையும் கேட்டு, அவருடன் நேரே கதையுங்கள்.

நமக்கே உரிய சில கேள்விகளும் உண்டு. பல கழகங்களில் மதுச்சாலை இருக்கிறது. அதன் வருமானம் கழகத்துக்கு உதவுகிறது. அங்கே வேலைசெய்யும் கடமை உங்களுக்கு வேண்டாமென்று சேரும்போதே சொல்லிவிடுங்கள். மனம் நோகாமல் சொன்னால் வேறு வேலை தருவார்கள். மதுச்சாலை இல்லாத சிறு கழகங்களும் உண்டு. விருந்துகளுக்கு உங்கள் வீட்டுச் சாப்பாட்டையே எடுத்துச் செல்லலாம். உடை விடயத்தில், தொங்கும் துணி கயிற்றில் சிக்கும், நனைந்தால் பாரமாகும். நீந்துவதற்கென்றே தைத்த முழு உடையும், உடலோடு ஒட்டிய தலைத்துணியும், மேலே மிதவை அங்கியும் அணிந்தால் மறைவும் உண்டு, பாதுகாப்பும் உண்டு. பந்தயங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்பதால் ஜும்ஆவுக்கும் இடைஞ்சல் இல்லை.

கடைசியாக ஒரு யோசனை. பணம் கட்டுமுன் ஒரு ஞாயிறு குடும்பத்தோடு போய்க் கரையில் நில்லுங்கள். யார் படகு ஓட்டுகிறார்கள், யார் தேநீர் ஊற்றுகிறார்கள் என்று கவனியுங்கள். புதிதாக வந்த உங்களிடம் யாராவது வந்து கதைக்கிறார்களா? பெண்கள் படகோடு தண்ணீரில் இறங்குகிறார்களா? இவற்றுக்கு ஆம் என்ற பதில் கிடைத்தால், விண்ணப்பப் படிவத்தை வாங்குங்கள். அதில் பிள்ளையின் பெயரையும் அவர்களின் வாப்பாவின் பெயரையும் எழுதிவிட்டுப் பேனையை மூடிவிடாதீர்கள். உங்கள் பெயரையும் உறுப்பினர் என்ற இடத்தில் எழுதுங்கள்.