வள்ளிக்கிழங்கைக் கைவிடலாமா?

மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்டபோது, ஏர் பூட்டாமலே பாரியின் நாட்டில் கிடைக்கும் உணவுகள் நான்கு உண்டென்று கபிலர் அவர்களுக்கு எடுத்துரைத்ததாகப் புறநானூறு கூறுகிறது. மூங்கிலரிசி, பலாப்பழம், தேன் ஆகியவற்றோடு அவர் எண்ணியது வள்ளிக்கிழங்கை. முற்றுகைக் காலத்திலும் ஒரு நாட்டைப் பட்டினியின்றிக் காக்குமென்று புலவர் நம்பிய அக்கிழங்கை இன்று நம்மவரில் எத்தனை பேர் கண்டிருக்கிறார்கள்?

மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. வந்த இடத்தில் நமது வள்ளியின் பெயரையே சூட்டிக்கொண்டன. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரவள்ளியைப் பரப்ப மிகுந்த ஊக்கம் காட்டினார். அதனால் பிழைத்த ஏழைகள் பலர். ஆகவே, வந்த பயிர்களிடம் நமக்குத் துவேஷமில்லை. அவற்றுக்குக் கிடைத்த ஆதரவில் ஒரு பங்கேனும், பெயர் கொடுத்த பயிருக்குக் கிடைக்கலாகாதா என்றே கேட்கிறோம்.

இப்பயிரில் சிரமம் இல்லாமலில்லை. குழியில் எருவிட்டுக் கால் கிலோவுக்குக் குறையாத துண்டை நட்டு, கொடி படரக் கொழுகொம்பு நாட்டி, சுமார் ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். ஆழத் தோண்டியே எடுக்க வேண்டும். விரைவில் பணம் தேடும் குடியானவர் இதைக் கைவிட்டதில் வியப்பில்லை.

ஆனால் நஷ்டம் அத்துடன் நிற்பதில்லை. நெல்லை விதையாகச் சேமித்து வைக்கலாம். வள்ளி விதை கட்டுவதோ அபூர்வம்; கிழங்கின் துண்டே அதற்கு விதை. அது இரண்டு மூன்று மாதம் உறங்கிப் பின் தானே முளைவிடும். ஆண்டுதோறும் யாரேனும் மண்ணில் இட்டால்தான் ஒரு ரகம் உயிரோடிருக்கும். ஒரு தலைமுறை அசட்டையாயிருந்தால் ஓர் ஊருக்கே உரிய ரகம் அழிந்துவிடும். பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அது கிட்டாது.

திருவனந்தபுரத்தையடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963-இல் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், வள்ளி இனங்களைத் திரட்டி வளர்த்து, ஸ்ரீ கீர்த்தி, ஸ்ரீ ரூபா முதலிய ரகங்களை வெளியிட்டிருக்கிறது. இது போற்றத்தக்க பணி. எனினும் ஆராய்ச்சித் தோட்டம் ஒன்றே தேசத்தின் வயல்களுக்கு ஈடாகாது. யாழ்ப்பாணத்தார் ஊதா நிற இராசவள்ளியைத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கூழாக்கி உண்பர். உண்பார் இருப்பதால் அங்கே பயிரும் இருக்கிறது. அடுப்பங்கரையில் இடம் இழந்த பயிருக்கு வயலிலும் இடம் நிலைப்பதில்லை.

சர்க்கார் ஜில்லாதோறும் விதைக்கிழங்கு விநியோகிக்க ஏற்பாடு செய்யவேண்டும். ஆயினும் அதற்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. கிராமங்களில் ஊழியம் செய்யும் நண்பர்கள், எந்த வீட்டுக் கொல்லையில் எந்த வள்ளி இன்னும் படர்கிறதென்று முதியோரிடம் விசாரிக்கட்டும். ஒரு துண்டு வாங்கி வரும் மழைக்கு முன் தம் வேலியோரம் நடட்டும். அறுவடையில் ஒரு பங்கை அயலாருக்கு விதையாக அளிக்கட்டும். சுதேசப் பற்றுக்கு இதைவிட எளிய தொண்டு வேறு இல்லை.